பனித்த கண்

முயலும் பனியும் மனிதரோடு வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. விடியலில் இறங்கும் பனி அப்போதெல்லாம் வெயில் ஏறினாலும் போகாது. பொழுது சாயும்வரை புல் நுனியிலேயே நிற்கும். மனிதரின் கண்களோ எந்நேரமும் காய்ந்தே கிடந்தன. துக்கம் வந்தால் வாயால் அழுவார்கள், அவ்வளவுதான்.

மலைச்சரிவில் தினை விதைத்திருந்தாள் சிலம்பாயி. அவள் கொல்லையோரப் புல்லில் ஒரு முயல் குட்டி போட்டிருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்தது; சுனையும் வற்றியது.

"அக்கா, எனக்குப் பால் வற்றிவிட்டது. இந்தப் புல்லில் நிற்கும் பனியை நக்கித்தான் குட்டிகள் பிழைத்திருக்கின்றன. இதை மட்டும் விட்டுவிடு" என்றது முயல்.

"நான் ஏன் தொடப்போகிறேன் தங்கச்சி? நீ போய் இரை தேடு. குட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் ஒரு காலையில் தினையெல்லாம் வாடித் தலை கவிழ்ந்து நின்றது. கதிர் பிடிக்கும் நேரம். இது போனால் தன் பிள்ளைகளுக்கு என்ன போடுவது? இன்று ஒரு நாள்தானே என்று நினைத்தாள். மேல்துணியைப் புல்மேல் விரித்து இழுத்து, பனியை ஒற்றியெடுத்து, தினையின் வேரில் பிழிந்துவிட்டாள். வெயில் ஏறியதும் குட்டிகள் முனகின. காதில் விழாததுபோல் கொல்லையின் மறுபக்கம் போய்விட்டாள்.

அந்தியில் முயல் திரும்பியபோது குட்டிகள் அசையவில்லை. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது.

"கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேனே, அக்கா."

அவ்வளவுதான் சொன்னது. மலையேறிப் போய்விட்டது. அதன்பின் எந்த மனிதரிடமும் அது பேசவில்லை.

சிலம்பாயி அழ வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து நிற்கும் தினையைப் பார்த்தபடி, பனி ஒற்றிய மேல்துணியைக் கையில் எடுத்தாள்.

துணியில் மிச்சமிருந்த பனி அவளிடம் சொன்னது: "பகலில் இனி நான் புல்லில் தங்கமாட்டேன். என்னால்தானே இவ்வளவும். உன் கண்ணுக்கு வந்துவிடுகிறேன்."

வந்து இமையோரத்தில் நின்றது.

"விழுந்துவிடேன். கொஞ்சம் பாரம் குறையட்டும்" என்று கெஞ்சினாள் சிலம்பாயி.

"விழுந்தால் நீ மறந்துவிடுவாய்" என்றது பனி.

வெயிலைக் கண்டதும் பனி புல்லைவிட்டுப் போவது அன்று தொட்டுத்தான். பின்னால் மனிதர்கள் கண்ணீர் வடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், வழியவும் வழியாமல் ஈரம் கோத்து நிற்கும் கண்ணை மட்டும் இன்றைக்கும் நாம் நனைந்த கண் என்பதில்லை. பனித்த கண் என்றுதான் சொல்கிறோம்.