பத்தொன்பதாம் எண் வீட்டின் காடு

2008 அக்டோபர் 18, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஏலகிரியில் மங்கையர்க்கரசியின் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவதாக வந்த அருமைநாயகம் வாசலிலேயே நின்று தலைகளை எண்ணினார். அது அவருடைய பழக்கம். ஒன்பது சரியாக இருந்தது. உள்ளே வந்தார்.

மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறு வயது. குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். எழுத ஆசைப்படும் பெரியவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைப்பார். அருமைநாயகத்துக்கு அறுபத்தொன்று. காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். கடை எரிந்துவிட்டது என்று யாராவது வந்து அழுதால், எரிவதற்கு முந்தைய நாள் சரக்கு எந்த ஊருக்கு லாரி ஏறியது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

ஓய்வு பெற்றதும் அவருக்குக் குழந்தைக் கதை எழுத ஆசை வந்தது. ஏன் வந்தது என்பதை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வகுப்பில் சேர்ந்து பதினோரு கதைகள் எழுதிவிட்டார். பதினொன்றிலும் கடைசியில் யாராவது ஒருவர் பொய் சொன்னது நிரூபணம் ஆனது. முயல்கூடத் தப்பவில்லை.

போன மாத வகுப்பில் அவர் நேரடியாகவே கேட்டிருந்தார்.

"எனக்கு ஏன் வர மாட்டேங்குது டீச்சர்?"

"சின்ன வயசுல எதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க?" என்று மங்கையர்க்கரசி திருப்பிக் கேட்டார்.

"பஜார் தெரு. எங்க வீட்டுக்கு எதிர்ல இரும்புக் கடை."

மங்கையர்க்கரசி தலையசைத்தார். அதற்கு மேல் பேசவில்லை. பதில் சொல்லாமல் தலையசைப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அருமைநாயகத்தின் அனுபவம்.

வீட்டுக்குப் போய் மங்கையர்க்கரசியின் புத்தகத்தை எடுத்து முன்னுரையை மறுபடி படித்தார். இரண்டே வரி. 'நான் ஒரு காட்டில் வளர்ந்தேன். அங்கே ஒரு ராணி எனக்குக் கதை சொன்னாள்.'

காடு உண்மை என்றால் பஜார் தெருவில் வளர்ந்தவனுக்குக் கதி இல்லை, வகுப்பை விட்டுவிட வேண்டியதுதான். காடு பொய் என்றால் பொய் சொல்கிறவரிடம் பாடம் கேட்பதில் அர்த்தம் இல்லை, அப்போதும் விட்டுவிட வேண்டியதுதான். எந்த வழியாக விடுவது என்று தெரிந்துகொள்ள அருமைநாயகம் பேருந்து ஏறினார். மங்கையர்க்கரசி பிறந்த இடம் அரியலூர் பக்கம் என்பது புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருந்தது.

இப்போது அவர் பையிலிருந்து நான்கு பக்கம் தட்டச்சு செய்த அறிக்கை ஒன்றை எடுத்தார்.

"என்ன சார், பன்னிரண்டாவது கதையா?" என்று பல் மருத்துவர் சலீம் கேட்டார்.

"கதை இல்லை. விசாரணை."

"சார் இந்த உலகத்துல சந்தேகப்படாத ஒரே பொருள் அவரோட பல்செட்டு."

"அதையும் சந்தேகப்படுறேன். நீங்க கட்டினதாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். மங்கையர்க்கரசியும் சிரித்தார். அருமைநாயகம் சிரிக்காமல் அறிக்கையை அவரிடம் நீட்டினார்.

"உங்களைப் பத்தினதுதான் டீச்சர். நீங்களே படிங்க. நகல் பதிப்பாளருக்கு அனுப்பப் போறேன்."

சிரிப்பு நின்றது. மங்கையர்க்கரசி வாங்கிக்கொண்டார். மனசுக்குள் படித்துக் கிழித்துவிடுவார் என்று அருமைநாயகம் எதிர்பார்த்தார். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"மேற்படியார் வளர்ந்த இடம் சிமெண்ட் ஆலையின் தொழிலாளர் குடியிருப்பு, வீட்டு எண் பத்தொன்பது. தகப்பனார் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் காடு எதுவும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்புறம் சாக்கடை. சாக்கடை ஓரம் எருக்குப் புதர் ஒன்று. முப்பது வருடத்துக்கு முந்தைய அதே செடிதான் என்பதற்குச் சான்று இல்லை. அதே இடம் என்பதற்கு அண்டை வீட்டார் சாட்சி."

அவர் நிமிர்ந்தார். "இன்னமும் இருக்கா?"

"இருக்கு. இலை எல்லாம் சிமெண்ட் தூசி."

"புழு?"

"அடுத்த பக்கம் பாருங்க. கறுப்பும் மஞ்சளும் வரி போட்டது, பதினாலு."

"பதினாலா? என் காலத்துல ஒம்பதைத் தாண்டினதே இல்லை."

அருமைநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. மாட்டிக்கொண்ட மனிதர்கள் பதறுவார்கள், இல்லாவிட்டால் கோபப்படுவார்கள். புழு கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்ட ஒருவரை முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்ததில்லை. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம்.

"ராணியைப் பத்தியும் படிங்க" என்றார்.

மங்கையர்க்கரசி பக்கத்தைப் புரட்டினார்.

"ராணி எனப்படுபவர் குப்பம்மாள், வயது எழுபத்தெட்டு. ஆலை வாசலில் அவித்த கடலை விற்றவர். கிரீடம் இருந்ததாகத் தெரியவில்லை. சும்மாடு உண்டு. அவருடைய வாக்குமூலம்." இங்கே அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அந்தப் புள்ளையா? அது கையில காசு இருக்காது. கதைக்குத்தான் வரும். ஏழு மலை தாண்டி ஒரு ராட்சசன்னு ஆரம்பிப்பேன். பாதி சொல்றப்பவே ஆலையில சங்கு ஊதிரும். ஆளுங்க வெளிய வருவாங்க, யாவாரத்தைப் பாக்கணும்ல. மீதிய நான் சொன்னதே இல்ல. மறு வாரம் அதுவே வந்து, ராட்சசன் என்ன ஆனான் தெரியுமாக்கான்னு எனக்குச் சொல்லும். நானும் ம் கொட்டிக்கிட்டே கடலை மடிப்பேன்."

சலீம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"முடிவு. காடு என்று குறிப்பிடப்பட்டது மேற்சொன்ன எருக்குப் புதரே. உயரம் இரண்டே முக்கால் அடி. அகலம் நான்கு அடி. முன்னுரையில் உள்ள தகவல் தவறானது."

கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். உங்க பதினோரு கதையிலயும் இப்படி ஒரு புழு இல்லை, இப்படி ஒரு குப்பம்மா இல்லை."

"பேச்சை மாத்தாதீங்க டீச்சர். தகவல் சரியா, தப்பா?"

"சரிதான். குவார்ட்டர்ஸ் சரி, எருக்கு சரி, குப்பம்மாக்கா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி."

"அப்ப பதிப்பாளருக்கு அனுப்பலாம்?"

"அனுப்புங்க. ஒரு இடம்தான் விட்டுப்போயிருக்கு. அதை மட்டும் கேட்டுக்கிறேன்."

அருமைநாயகம் பேனாவைத் திறந்தார். அவர் அறிக்கையில் எதுவும் விட்டுப்போனதாக எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை.

"ரெண்டே முக்கால் அடி. எப்படி அளந்தீங்க?"

"டேப் வச்சு. வேரடியிலேருந்து நுனி வரைக்கும். ரெண்டு தடவை."

"டேப் சரி. நீங்க எப்படி இருந்தீங்க?"

"நான் எப்படி இருந்தா என்ன? சாக்கடை ஓரம். நின்னுக்கிட்டுதான் அளந்தேன், லேசாக் குனிஞ்சு."

மங்கையர்க்கரசி நான்கு தாளையும் ஓரம் சேர்த்து மடித்து அவரிடம் கொடுத்தார்.

"எனக்கு அப்ப நாலு வயசு சார். நான் அதுக்குள்ள உட்கார்ந்திருந்தேன்."

அருமைநாயகம் பேனாவை மூடவில்லை. எழுதவும் இல்லை.

2008 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு அவர் மறுபடி அந்த ஆலைக் குடியிருப்புக்குப் போனார். காவலாளியிடம் ஒரு சாக்குத் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு பத்தொன்பதாம் எண் வீட்டின் பின்புறம் சென்றார். புதரை விட்டு வெளியே வர நான்கு மணி நேரம் ஆனது.