கரை உடைத்த பன்றிகளும் கரிச்சானின் புலிக்குரலும்

நெல்லிமலைக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. அதற்கு எல்லார் குரலும் வரும். குரங்கு மாதிரி இருமும். மைனாவின் குரலில் மைனாவின் மாமியாரைக் கூப்பிடும். நாய் போலக் குரைத்துவிட்டு, தலைதெறிக்க ஓடும் முயலைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்த வருஷம் அதன் சிரிப்பு நின்றது. மலையடி ஊர்க்காரர்கள் புதருக்குப் புதர் கம்பிக் கண்ணி வைத்தார்கள். கரிச்சானின் தோழியான, முயலளவே உள்ள சருகுமானின் துணை அதில் மாட்டிச் செத்தது. மிஞ்சியது ஒரே குட்டி.

"அண்ணே, இதையாவது காப்பாத்திக் குடு," என்றது சருகுமான்.

"கவலையை விடு. இன்னைக்கு நான்தான் புலி."

கண்ணி பார்க்க நஞ்சனும் அவன் மனைவி மருதியும் வந்தார்கள். மூங்கிலுக்குள்ளிருந்து ஓர் உறுமல். இருவரும் கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

மறுநாளே திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை இன்னும் இருபது கண்ணிகளோடு.

"புலி இருக்குன்னு தெரிஞ்சும் வரணுமா?" என்றான் நஞ்சன்.

"ஆறு நாளா வெறுங்களி. சின்னவ எழுந்து நிக்கவே தள்ளாடுறா. ஊர்க் குளத்துல மீன் இருந்தா இந்த முள்ளுக்குள்ள நான் ஏன் வர்றேன்? மூணு தரம் கரையை அடைச்சோம். மூணு தரமும் பன்னிங்க கிளறிப் போட்டு, தண்ணியெல்லாம் ஓடிப்போச்சு."

மூங்கிலிலிருந்து இதைக் கேட்ட கரிச்சான் நேரே பன்றித் தலைவரிடம் பறந்தது.

"பெரியவரே, கரையை உடைச்சது நீங்களா?"

"கோரைக்கிழங்கு இனிச்சுது. குளம் மனுஷனோடது, உனக்கென்ன?"

"சட்டியும் மனுஷனோடதுதான். மீன் இல்லேன்னா அதுல நாமதான். சருகுமானுக்கு அப்புறம் உங்க வீட்டுப் பிள்ளைங்க."

பன்றி மெல்லுவதை நிறுத்தியது. "எங்களுக்குக் கிளறத்தானே தெரியும். அடைக்கத் தெரியாதே."

"மேட்டுப் பக்கமாக் கிளறுங்க. மண்ணு சரிஞ்சு உடைப்புல விழட்டும். அப்புறம் அதுலயே புரளுங்க."

பன்றிகளுக்குக் கொண்டாட்டம். கிளறின, சரித்தன, சேற்றில் புரண்டு புரண்டு மிதித்தன. பூசி மெழுகிய சுவர் போல இறுகியது கரை. அதற்குப் பின் எந்தப் பன்றியும் அதில் மூக்கு வைக்கவில்லை.

மழை வந்தது. குளம் நிறைந்து வழிந்தது. ஒரு காலையில், குளத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஓடை முழுக்க வெள்ளி அசைந்தது. ஆற்றிலிருந்து கெண்டை மீன்கள் வெள்ளத்தை எதிர்த்துப் பாறைக்குப் பாறை துள்ளி ஏறின. நூறா, ஆயிரமா? வந்துகொண்டே இருந்தன. ஒரு கரையில் மிருகங்கள், மறு கரையில் மனிதர்கள். யாரும் அசையவில்லை. அத்தனை உயிர் ஒன்றாகத் துள்ளும் அந்த ஓசைக்குக் கரிச்சானிடம் குரலே இல்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

மறுவாரம் நஞ்சன் கண்ணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போனான். அதே கம்பியில் மருதி வாசலில் மீன் கோத்துக் காயப்போட்டாள். அவள் காலடியில் சின்னவள் ஓடி விளையாடினாள்.

சருகுமான் குட்டி முதல்முறையாகக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. மேலே ஒரு நாய் குரைத்தது. குட்டி மூன்றடி எகிறியது.

"அண்ணே, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றது தாய்.

காட்டு உயிர்களைக் காக்க நினைப்பவர் முதலில் காட்டோரத்து ஊரின் பசியைத் தீர்க்க வேண்டும்.