தையல்சிட்டும் நீளக்கை மெஷினும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருந்த செல்வராணி அக்கா. என் சின்ன மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன அன்று, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே சொன்னார்.

குளக்கரையில் ஒரு காட்டாமணக்குப் புதர். அதில் தங்கபுஷ்பம் என்ற தையல்சிட்டும் அவள் வீட்டுக்காரன் அருளப்பனும் குடியிருந்தார்கள். கூட்டில் முட்டைகள். முட்டைகளுக்கு அடியில், கோடை முழுக்க அலைந்து சேர்த்த இலவம்பஞ்சு. மழையும் வரப்போகிறது, குஞ்சுகளும் வரப்போகின்றன.

மெத்தைப் போர்வை தைப்பதுதான் தங்கபுஷ்பத்தின் தொழில். யாருக்குப் போர்வை வேண்டுமோ அவர்கள் இருக்கும் செடிக்கே போவாள். இலையைப் பறிக்க மாட்டாள். காம்போடு விட்டு, இலையோடு இலை சேர்த்து, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அலகால் தைப்பாள். மழைக்காலம் முடிகிறவரை போர்வை பச்சென்று இருக்கும்.

ஒருநாள் மருதப்பன் என்ற குரங்கு எதையோ தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தது.

"தங்கச்சி! ஊருக்குள்ளிருந்து கொண்டுவந்தேன். நீளக்கை மெஷின்! கையைப் பார், கொக்கு கழுத்தை நீட்டின மாதிரி! கட்டில் அகலப் போர்வையை ஒரே மூச்சில் தைக்கும். பூப்போடும், சுருள் போடும்!"

"என்ன கேட்கிறீங்க அண்ணே?"

"உன் கூட்டில் இருக்கிற பஞ்சு மொத்தமும். எனக்கு முதுகுவலி. மெத்தை போடணும்."

தங்கபுஷ்பம் சட்டென்று கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அருளப்பனுக்கோ, பல் இல்லாத குறைக்கு அலகெல்லாம் சிரிப்பு.

"வாங்கிப்போடு புஷ்பம்! ஒரே நாளில் நூறு போர்வை!"

"நூறையும் யார் போர்த்துவாங்க? போன மழைக்கு நான் தைச்சது அணிலுக்கும் முயலுக்கும்தான்."

"தவளை இருக்கே!"

"தவளை எதுக்குங்க போர்வை கேட்கும்? அதை விடுங்க. முட்டைக்குப் பஞ்சு?"

"குளிருதுன்னு முட்டை உன்கிட்ட சொல்லுச்சா?"

தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, வாங்கட்டுமா, வேண்டாமா? ஓர் அடையாளம் காட்டும்."

"அவருக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் அருளப்பன்.

அந்த நேரம் பார்த்து மேலே போன காக்கை, மெஷின்மேல் சொத்தென்று எச்சமிட்டது.

"பார்த்தியா! ஆசீர்வாதம் பொழியுது!" என்று குதித்தான் அருளப்பன்.

"பொழிஞ்சது காக்காய்ங்க!"

இது எந்தப் பக்கத்து அடையாளம் என்று அவளுக்கும் விளங்கவில்லை. "அண்ணே, முதலில் ஒரு போர்வை தைச்சுப் பார்க்கிறேன். பஞ்சைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

"எனக்குத் தை!" என்று அணில் முன்னால் வந்து நின்றது.

"இலையைப் பறிச்சுத்தான் வைக்கணும். மெஷின் என்ன, மரமா ஏறும்?" என்றது குரங்கு.

மனசில்லாமல் பறித்தாள். குரங்கு சக்கரத்தைச் சுற்ற, ஊசி கடகடவென்று ஓடியது. பூ என்ன, சுருள் என்ன! உண்மையிலேயே அழகு. அணில் போர்வையைப் போர்த்திக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

வெயில் ஏறியது. இலை சுருண்டது, அப்பளமாக மொறுமொறுத்தது. அணில் ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான்! ஊசி போன துளை வழியே போர்வை சரசரவென்று கிழிந்து விழுந்தது.

"ஐயோ, மானம் போச்சே!"

"எப்பவும் நீ ஒன்றும் போடாமல்தானே திரியுறே?" என்றது குரங்கு.

"அது வேற! போர்த்தி அவிழ்ந்தா வேற!"

தங்கபுஷ்பம் கீழே கிடந்த இலைத்தூளைப் பார்த்தாள். "அண்ணே, மெஷின் நல்ல மெஷின்தான். துணிக்கு நல்லாயிருக்கும். நான் தைக்கிறது செடியில் இருக்கிற இலை. அதுக்கு என் அலகு போதும். பஞ்சு தர மாட்டேன்."

"அப்போ என் முதுகு?"

"மெஷின்மேலேயே படுங்க."

முதல் தூறல் விழுந்தது. அவள் பறந்துபோய் முட்டைகள்மேல் உட்கார்ந்தாள். அருளப்பனும் வந்து, தான் ஒன்றுமே சொல்லாதவன் மாதிரி பஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டான். மூன்றாம் மழைக்குள் குஞ்சுகள் பொரிந்து, பஞ்சுக்குள் கதகதப்பாகக் கத்தின. குரங்கு மெஷின்மேலேயே படுத்து, முதுகோடு கழுத்தும் பிடித்துக்கொண்டு திரிந்தது.

ஒரு கருவி எத்தனை வேலை செய்யும் என்று மயங்குவதற்கு முன், நம் வேலைக்கு அது ஒத்துவருமா என்று சோதித்துப் பார்த்தவரே கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வார்.

கதை கேட்டீர்கள் அல்லவா? வீட்டில் வெட்டுத்துணி மிச்சம் கிடந்தால் எனக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பேரனுக்குப் போர்வை பாதியில் நிற்கிறது.