இலுப்பை மரத்துக் கதண்டு

"அந்தக் கூட்டைக் கொளுத்துங்க. இல்லைன்னா நான் கிளம்புறேன்."

தில்லைநாயகம் கத்திக்கொண்டேதான் மடத்துச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். இடது கண் மூடிக் கிடந்தது. மேலுதடு வீங்கித் தொங்கியது. முந்தின நாள் அந்தியில் கதண்டுக் குளவி கொட்டிய கோலம்.

அஞ்சுகத்தம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மடத்துக்கு இப்போது அவர்தான் குரு. சீடர் தில்லைநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர்.

"எங்க கிளம்புற?"

"எங்கயோ. என்னைப் பாவின்னு சொல்லாத ஊருக்கு."

விஷயம் இதுதான். மடத்தை நிறுவிய ஐயாவின் சமாதி கொல்லையில், இலுப்பை மரத்தடியில் இருக்கிறது. அந்த ஆடியில் மரத்தின் தாழ்ந்த கிளையில் கதண்டு வந்து கூடு கட்டியது. பானை அளவுக்குக் கூடு. விடியற்காலையில் அம்மா அதற்கு நேர் கீழேதான் தியானத்துக்கு உட்காருவார். ஒரு கதண்டும் அவரைச் சீண்டியதில்லை.

அந்தியில் அதே இடத்தில் நின்று தில்லைநாயகம் சங்கு ஊதுவார், சேகண்டி தட்டுவார். ஐயா காலத்து வழக்கம். மூன்று தடவை கொட்டு வாங்கிவிட்டார்.

ஊருக்கு இது போதாதா? வேலைவெட்டி இல்லாத வாய்கள்! மடத்துக் கதண்டு நல்லவர்களைத் தொடாதாம். பாவியைத்தான் தேடிக் கொட்டுமாம். கூட்டுக்கு மஞ்சள் துணி கட்டவேண்டும் என்றுகூட ஒருவன் ஆரம்பித்தான். கிட்டப் போய்க் கட்டத்தான் ஆள் இல்லை.

"வீடு வாசலை விட்டுட்டு உங்க காலடியில வந்து கிடக்கிறேன்மா. டீக்கடையில போய் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவன் எந்திரிச்சுப் போறான். 'அப்படி என்னதான் செஞ்சீரு, உள்ளதைச் சொல்லும்'னு கேக்கிறான். நானும் படுத்துக்கிட்டு யோசிக்கிறேன், அப்படி என்னதான் செஞ்சேன்னு."

"கண்டுபிடிச்சியா?"

"விளையாடாதீங்கம்மா! வயிறு எரியுது எனக்கு!"

"வாசல் பக்கம் போய் ஊதுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"ஐயா இருக்கிற இடத்தை விட்டுட்டு வாசல்ல போய் ஊதணுமா? வழக்கத்தை மாத்த நான் யாரு? அது கிடக்கட்டும். நீங்களும் அதே இடத்துலதானே உட்கார்றீங்க? உங்களைக் கொட்டலையே! நீங்க மகான். நான் பாவி. அவ்வளவுதானே?"

அம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போது அது அங்கேயும் நிற்கவில்லை. புளிக் கரைசல் பாத்திரத்தோடு போய்ச் சுவரில் அடித்தது.

"எவன்யா சொன்னான் என்னை மகான்னு?"

"ஊரே சொல்லுது."

"கூப்பிடு ஊரை."

கூப்பிட வேண்டியதே இல்லை. தேங்காய் பழத்தோடு ஒரு கூட்டம் ஏற்கெனவே வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. கதண்டு தீண்டாத அம்மாவைத் தரிசிக்க வந்த பக்தகோடிகள். மரத்துக்கு நல்ல தூரத்தில்தான் நின்றார்கள்.

அம்மா பூஜை மாடத்திலிருந்து சங்கையும் சேகண்டியையும் எடுத்தார். கொல்லைக்கு நடந்தார்.

"அம்மா, வேணாம்மா!" தில்லைநாயகம் கையைப் பிடித்தார்.

"விடுய்யா!"

உதறிவிட்டுப் போய், கூட்டுக்கு நேர் கீழே நின்றார். இருந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்து ஊதினார். அது போதாதென்று சேகண்டியையும் எடுத்து நாலு தட்டுத் தட்டினார்.

கூடு இரைந்தது.

நெற்றியில் ஒன்று. கழுத்தில் ஒன்று. கையில், காதில், இமையில். மகான் ஓடுகிற ஓட்டமா அது! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஐயோ, எங்கப்பா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். தில்லைநாயகம் ஒரு சாக்கை அவர்மேல் போர்த்தி, சமையல்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

வேலியோரத்தில் யாரோ சொன்னார்கள்.

"அம்மாவையே கொட்டிடுச்சே."

"அப்ப இவங்களும்..."

ஒரு பெண் தேங்காயை எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. ஒருத்தராவது கிட்ட வந்து எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டுமே? கேட்கவில்லை.

தில்லைநாயகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அட நன்றிகெட்ட ஜென்மங்களா! நேத்து வரைக்கும் கால்ல விழுந்து கிடந்தீங்களேடா! அவங்க என்னடா செஞ்சாங்க? சங்குதானேடா ஊதினாங்க!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. ஜன்னலை விட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவின் முகம் அவர் முகம் மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது.

"எனக்காகவா அம்மா?"

"பேசாதே. எரியுது."

"திருநீறு போடவா? ஐயா பேரைச் சொல்லி மந்திரிக்கவா?"

"மந்திரிக்கிறானாம்! மூச்சு முட்டுதுய்யா எனக்கு. ஆட்டோவைக் கூப்பிடு!"

டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். மூச்சு சீரான பிறகு டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு வீங்கின முகங்கள்.

"என்ன கடிச்சுது?"

"கதண்டு" என்றார் தில்லைநாயகம்.

"அடப்பாவமே. ரொம்பப் பொல்லாத ஜென்மமாச்சே அது. சும்மா இருக்கிறவங்களை எல்லாம் தேடிவந்து கொட்டுமாமே?"

தில்லைநாயகம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணும் மூடியிருந்தன. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"இல்லைங்க டாக்டர். அதுங்க வீட்டு வாசல்ல போய் நின்னு சங்கு ஊதினோம்."