இடது கதவின் கோடுகள்

சிஷ்யருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

கோயம்புத்தூரில் சுங்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை உண்டு. அங்கே முழங்கை வரை கிரீஸோடு நிற்கும் ரெஜினாதான் குரு. காந்திபுரத்தில் மெஸ் நடத்தும் நாச்சிமுத்து சிஷ்யர். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் வேட்டியை மாற்றிப் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடிவிடுவார்.

அவரை ஓட வைத்தது ஒரு கார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சுலோச்சனா சித்தி வாங்கியது. சித்தி டாக்டர். ஊசி போடுவதில் மென்மை, வண்டி ஓட்டுவதில் நேர்மாறு. பக்கத்து சீட்டில் ரங்கசாமி சித்தப்பா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் குன்னூர் போய் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு டீக்கு இவ்வளவு பெட்ரோலா என்று சொந்தக்காரர்கள் வயிறு எரிந்தார்கள்.

சித்தியின் முழங்கால் மடங்க மறுத்தபோது கார் ஷெட்டுக்குள் போனது. நின்று நின்று எஞ்சின் இறுகிப்போனது. போன வருஷம் சித்தியும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கார் தன் அக்கா மகன் நாச்சிமுத்துவுக்கு என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

காரியம் முடிந்த அன்று, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் கையை நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார்.

"எஞ்சினைச் சரி பண்ணி உங்களைக் குன்னூர் கூட்டிட்டுப் போறனுங் சித்தப்பா."

சித்தப்பா அன்று முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "எப்போ?" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. "ரெடியாடா?" ஒவ்வொரு ஞாயிறும் அதே பதில். "இன்னும் கொஞ்சமுங்க."

நாச்சிமுத்து சோம்பேறி இல்லை. நூறு பேர் சாம்பாருக்குக் கண்ணளவில் உப்புப் போடுகிற கை அது. ரெஜினா சொல்லிக்கொடுக்க, எஞ்சினை இறக்கினார், பிரித்தார், கழுவினார், ஒவ்வொரு திருகையும் பெயர் எழுதி டப்பாவில் போட்டார். ஒரு நாள் ரெஜினா சிலிண்டரின் உட்புறத்தைக் கல் வைத்துத் தேய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டதைப் பார்த்துத் துடித்துப்போனார்.

"என்னுங் மேஸ்திரி, உள்ளாரப் பூராக் கீறி வெச்சிட்டீங்க?"

"கீறத்தான் வேணும்."

"எங்க மெஸ்ஸுல சோத்துக் குண்டாவைக்கூடக் கண்ணாடியாட்டத் தேச்சு வெப்பமுங்க."

"பளபளன்னு இருந்தா எண்ணெய் எங்கீங்ணா நிக்கும்?"

சிஷ்யர் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

எஞ்சின் ஒரு பக்கம் தயாராக, அவர் மறுபக்கம் பாடி வேலையை முடுக்கினார். இடது கதவின் வெளிப்புறத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மெல்லிய கோடுகள் கும்பலாக இருந்தன. எந்தப் போக்கிரி கீறினானோ என்று முணுமுணுத்துக்கொண்டே தானே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட்டரை விட்டுப் புதுச் சிவப்பு அடிக்க வைத்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

எஞ்சின் முதல் சாவியிலேயே உறுமியது. பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் நாச்சிமுத்து கேசரி கொடுத்தார்.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அவர் காரை ரேஸ்கோர்ஸ் சாலையில் கோயில் தேர் மாதிரி ஓட்டினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் காரைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் வீட்டுக்கு வந்து துடைத்து, மேலே தன் கல்யாணப் பட்டு வேட்டியைப் போர்த்திவிடுவார். ஒரு நாள் பின்னால் நீலமாகப் புகை வந்தது. மறுநாள் இன்னும் அதிகமாக வந்தது.

"ரெடியாடா?" என்றார் சித்தப்பா.

"புகை வருதுங் சித்தப்பா. சரியானதும் போலாமுங்க."

அடுத்த ஞாயிறு சித்தப்பா கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காபி ஆறிப்போய் இருந்தது. அவர் இனிமேல் கேட்கவே மாட்டார் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அப்படியே காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, மறுக்காப் பிரிச்சரலாமுங்களா? எங்கியோ தப்பாக் கட்டியிருக்கறேன்."

ரெஜினா புகைக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி எண்ணெயும் கரியுமாக இருந்தது.

"கட்டினதெல்லாம் சரிதான். என்ன வேகத்துல ஓட்டறீங்க?"

"இருபதைத் தாண்ட மாட்டனுங்க."

"மேட்டுல?"

"மேட்டுப் பக்கமே போறதில்லீங்க. சித்தி வண்டியாச்சே."

"ஏனுங்ணா, புதுசாத் தோசைக்கல்லு வாங்கினா எங்க வெப்பீங்க?"

"அடுப்பு மேலதான்."

"பூஜை ரூமுல வெக்கறதில்லீங்களா?"

சிஷ்யர் காரைத் துடைத்துக்கொண்டிருந்த கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பிஸ்டன்ல மாட்டின ரிங்கு அந்தக் கோட்டோட ஒரசிப் படியவே இல்லீங்ணா, அதான் எண்ணெய் மேல ஏறி எரிஞ்சு புகையுது. நீங்க அதைத் தாலாட்டிட்டு இருக்கறீங்க. சுமையோட மேடு ஏறோணும்."

"சுமைன்னா? அரிசி மூட்டை ஏத்தட்டுங்களா?"

"உங்க சித்தப்பா என்ன எடை இருப்பாரு?"

"அவரே மூணு மூட்டை இருப்பாருங்க."

"அவரை ஏத்துங்க. மலை ஏற ஆரம்பிச்சதும் ரெண்டாவது கியர்ல நல்லா மிதிங்க. விடுங்க. மறுக்கா மிதிங்க. குன்னூர் வரைக்கும் இதேதான்."

"எல்லாம் சரியானதுக்கு அப்புறம் அவரைக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தனுங்களே?"

குரு கார் சாவியை எடுத்துச் சிஷ்யரின் சட்டைப் பையில் போட்டார்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். சட்டையை மாற்றினார். கழற்றி வைத்திருந்த பவழ மோதிரத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் இடது சீட்டில் போய் உட்கார்ந்தார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கல்லாறு தாண்டி மலை ஆரம்பித்தது. நாச்சிமுத்து பயந்து பயந்து மிதித்தார். பின்னால் நீலப் புகை சுருண்டது. அதற்குப் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே திட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும், வெளியே தொங்கிய சித்தப்பாவின் கை கதவை 'டக் டக்' என்று தட்டியது. நாச்சிமுத்து சட்டென்று காலை எடுத்தார்.

"ஏன்டா மெதுவாப் போற?"

"தட்டினீங்களே சித்தப்பா."

"தட்டினா மிதிக்கோணும்."

"நீங்க எதுக்குங்க தட்டுவீங்க?"

"மெதுவாப் போன்னுதான்."

"அப்புறம்?"

"உன்ற சித்தி என்னைக்குடா என் பேச்சைக் கேட்டா? நான் தட்டத் தட்ட மிதிப்பா. எனக்கு உசுரே போயிரும். அவ சிரிச்சுட்டே மிதிப்பா."

சித்தப்பாவின் கண்ணில் நீர் நின்றது. அடுத்த வளைவு வந்தது. அவர் தட்டினார்.

"மிதிடா நாச்சி!"

நாச்சிமுத்து மிதித்தார். கார் ஒரு கத்துக் கத்தி மேலே பாய்ந்தது. தட்டினார், மிதித்தார். மறுபடி தட்டினார், மறுபடி மிதித்தார். பர்லியாரில் பழக்கடை வைத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பஸ்காரரை அதற்குப் பிறகு காணவே இல்லை. எந்த வளைவில் புகை நின்றது என்று இருவருக்கும் தெரியாது. பார்க்க மறந்துவிட்டார்கள்.

குன்னூரில் சித்தப்பா டீயோடு வர்க்கி கேட்டார். அப்புறம் இன்னொரு டீ கேட்டார்.

சாயங்காலம், சித்தப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு நாச்சிமுத்து நேராகப் பட்டறைக்கு வந்தார். ரெஜினா குழாய்க்குள் விரலை விட்டார். விரல் உலர்ந்து வந்தது.

"படிஞ்சிருச்சு" என்றார்.

காரைச் சுற்றி வந்தவர் இடது கதவுக்குப் பக்கத்தில் நின்றார். மேல் விளிம்புக்குக் கீழே, புதுச் சிவப்பின் மேல், மெல்லிய கோடுகள். ஒரு மோதிரம் பட்ட கோடுகள்.

நாச்சிமுத்துவும் பார்த்தார். குனிந்தார். கையால் தடவினார். மலையிலிருந்து அவர் முகத்தில் கொண்டுவந்த சிரிப்பு மறைந்தது.

"பெயின்ட்டரைக் கூப்பிடட்டுங்களா?" என்றார் ரெஜினா.

"ஐயோ, வேண்டாமுங்க!" அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "மேஸ்திரி, இதே எடத்துல முந்தி பூராக் கோடு இருந்துதுங்க. எத்தனை வருசத்துக் கோடோ! போக்கிரி எவனோ கீறினான்னு நானே பட்டி போட்டு மூடிட்டனுங்களே. அதைத் தேடி இனி நான் எங்கீங்க போவேன்?"

ரெஜினா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"குன்னூருக்குத்தானுங்ணா. அடுத்த ஞாயித்துக்கெழமையும் சித்தப்பாவை மோதிரத்தைக் கழட்டாம வரச் சொல்லுங்க."