இடது கை தூக்கிய கீரிக்குட்டி

அல்லிக்குளத்துக் காட்டில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்தது. அங்கே படித்த மைனா எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் முதல். பாக்கி இருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. நிஜமான குட்டிகளுக்கு நிஜமாகவே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் அக்கரைப் பள்ளியில் வேலை. தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மைனாவைப் பயம் பிடித்துக்கொண்டது. புத்திசாலிகளுக்குப் பயம் வந்தால் குறுக்குவழியும் கூடவே வந்துவிடும். தொட்டாற்சிணுங்கிப் பாடத்தை, தேர்வுக்கு வரப்போகும் அதே குட்டிகளை வைத்து நான்கு முறை ஒத்திகை பார்த்தது. கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை என்று ரகசியமாகச் சொல்லியும் வைத்தது.

தேர்வு நாளன்று ஆமைப் பேராசிரியர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மைனா முதல் கேள்வியைக் கேட்டது. கைகள் சரசரவென்று உயர்ந்தன. அணில் பளிச்சென்று பதில் சொன்னது. முயல்குட்டி இன்னும் கேட்காத மூன்றாம் கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிட்டது!

ஆமை மெல்லத் தலையை நீட்டினார். எல்லாக் கேள்விக்கும் கை தூக்கும் கீரிக்குட்டியை ஏன் ஒருமுறைகூட எழுப்பவில்லை என்று கேட்டார்.

மைனா அவசரமாகப் பாடக்குறிப்பைப் புரட்டியது. கீரிக்குட்டி தானாகவே எழுந்தது.

"எனக்குப் பதில் தெரியாது சார். அதான் டீச்சர் சொன்னபடி இடது கையைத் தூக்கினேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பறந்துவிடலாமா என்று மைனா ஜன்னலைப் பார்த்தது. ஆனால் கீரிக்குட்டியின் கை இன்னும் இறங்கவில்லை. அதற்கு என்னதான் வேண்டும் என்று தெரிந்துகொள்ள மைனாவுக்கே ஆசை வந்துவிட்டது. பாடக்குறிப்பை மூடிவிட்டு, என்ன வேண்டும் என்று கீரிக்குட்டியிடமே கேட்டது.

"தொட்டா சுருங்கும்னு நாலு வாட்டி சொல்லிட்டீங்க. தொடாம ஊதினா சுருங்குமா டீச்சர்?"

பாடக்குறிப்பில் அது இல்லை. புத்தகத்திலும் இல்லை.

"எனக்கும் தெரியலையே. வா, ஊதிப் பாக்கலாம்" என்றது மைனா.

எல்லோரும் வெளியே இருந்த தொட்டாற்சிணுங்கிச் செடியிடம் ஓடினார்கள். கீரிக்குட்டி கன்னத்தை உப்பி ஊதியது. இலைகள் மடங்கின! எறும்பு நடந்தால் மடங்குமா? மழைத்துளி விழுந்தால்? மணி அடித்தபோது பாடம் பாதிகூட முடியவில்லை. எல்லோருடைய இடது கையும் மேலே இருந்தது.

மைனா தலையைக் குனிந்துகொண்டு ஒத்திகை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டது.

"முதல் பாதிக்குப் பூஜ்யம்" என்றார் ஆமை. "இரண்டாம் பாதிக்கு அக்கரைப் பள்ளி. நாளைக்கே போய்ச் சேரு."

தெரியாது என்று தைரியமாகச் சொல்ல முடிகிற வகுப்பில்தான் பாடம் தொடங்குகிறது.