முன் மட்கார்டில் ஒரு கை

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் மெகருன்னிசா. உக்கடத்தில் பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சீடருக்கு ஐம்பத்தெட்டு. டாக்டர் சென்னியப்பன். ஆபரேஷன் தியேட்டரில் ஆட்களை மயக்கி, பிறகு பத்திரமாக எழுப்பிவிடுவது அவருடைய தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளப் பந்தயத்தில் கார் ஓட்டுவது அவருடைய பைத்தியம்.

அவருடைய காருக்கு என்ஜின் பின்னால். அதில் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. சூட்டை ஆற்றுவது காற்றும் ஆயிலும்தான். அந்த ஆயில் சூடாவதற்கு முன்னால் போன வருடப் பந்தயத்தில் டாக்டர் வண்டியை விரட்டினார். இரண்டாவது சுற்றில், மூன்றாம் வளைவில், என்ஜின் உள்ளுக்குள்ளேயே உடைந்தது. மெகர் பதினான்கு மாதம் உட்கார்ந்து அதைத் தேற்றினார். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்று சொன்னார்.

"இன்னொருக்கா உடைஞ்சா எங்கிட்டக் கொண்டு வராதீங்க டாக்டர். ஒட்ட வெக்கறதுக்கு அதுல இடமில்லீங்க."

அன்றிலிருந்து டாக்டருக்கு ஒரே கேள்வி. என்ஜின் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் தடவை கேட்டபோது, "நிறுத்தி வெச்சு உறும விடாதீங்க, உடனே நகர்த்துங்க" என்றார் மெகர்.

இரண்டாவது தடவை, "நகர்த்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

நிற்கவும் கூடாது, நகரவும் கூடாது என்றால் வண்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வதா? டாக்டருக்கு மண்டை காய்ந்தது. இந்தப் பெண்ணுக்கே தெரியவில்லையோ என்றுகூட ஒரு நாள் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டதற்கு அன்றே வெட்கமும் பட்டார்.

மூன்றாவது தடவை கேட்க நேரம் இல்லை. பந்தய நாள் வந்துவிட்டது.

மார்கழிக் காலை. ஓடுதளத்தின் மேல் பனி இறங்கியிருந்தது. ஒன்பது மணிக்குப் பந்தயம். டாக்டர் ஏழரைக்கே வந்து, குளிர்ந்து கிடந்த வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நல்லவேளை பார்த்தோம் என்று பதறி, ஒரு லிட்டர் டப்பாவை முழுக்க ஊற்றினார். ஊற்றிய பிறகு தன் சமர்த்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

எட்டு மணிக்கு மெகர் வந்தார். காலி டப்பாவைப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"ஆயில் சுத்தமா இல்லீங்க அம்மணி. கம்பி காஞ்சு கெடந்துச்சு."

"என்ஜின் ஓடிட்டு இருந்துச்சுங்களா, நின்னுட்டு இருந்துச்சுங்களா?"

"நின்னுட்டுதான்."

மெகர் டப்பாவைக் கையில் எடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஆயில் தொட்டியின் அடைப்பைத் தளர்த்தி, அதே டப்பாவைக் கீழே பிடித்தார். நிறைந்ததும் அடைப்பை முறுக்கினார். ஊற்றிய ஒரு லிட்டரும் வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, ஆயில் இல்லாம எப்படிங்க?"

"இருக்குதுங்க. ராத்திரி நிக்கறப்ப தொட்டியில இருந்து என்ஜினுக்குள்ள எறங்கிப் படுத்துக்கும். ஓடி, சூடாகி, எந்திரிச்சு வந்தாத்தான் கம்பிக்குத் தெரியும். நீங்க தூங்கறவன்கிட்டக் கணக்குக் கேட்டிருக்கீங்க."

அந்த வேலையில் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. டாக்டர் அவசர அவசரமாக உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பக்கத்துக் கொட்டகைகளில் தண்ணீரால் ஆறும் என்ஜின் வைத்த கார்கள் இரண்டு உறுமல் உறுமிவிட்டுத் தயாராக நின்றன. அவற்றைப் பார்த்தாலே டாக்டருக்கு வயிறு எரிந்தது.

"கொட்டகைக்குப் பின்னாடி இருக்கற தண்ணித் தொட்டி வரைக்கும் ரெண்டாவது கியர்ல போயிட்டு வாங்க. விரட்டாதீங்க" என்றார் மெகர்.

போனார், வந்தார். மெகர் அவரை இறங்கச் சொன்னார். காரின் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய், வலது சக்கரத்துக்கு மேலே மட்கார்டைக் காட்டினார்.

"உள்பக்கமாக் கையை விட்டு, அந்தக் குழாய் மேல வைங்க."

டாக்டர் வைத்தார். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"என்ஜின் பின்னாடிதானுங்களே இருக்குது?"

"ஆமாங்க."

"அப்புறம் முன்னாடி எதுக்குத் தொடறோம்?"

"இன்னொருக்காப் போயிட்டு வாங்க."

இரண்டாவது தடவை வந்தபோது டாக்டர் இறங்காமலே கத்தினார். "ஆயில் சூடு காட்டற முள்ளு எழுபதுக்கு வந்துருச்சு! போன வருஷம் நாப்பதுலயே போயிட்டேன். இப்ப எழுபது!"

"முள்ளு என்ஜின் வாசல்ல நிக்குதுங்க. அது வாசல்ல இருக்கற ஆயிலத்தான் பாக்கும். கையை வைங்க."

வைத்தார். அதே குளிர். ஜுரக்காரனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாடி பிடிப்பது போல இருந்தது அவருக்கு.

ஒலிபெருக்கி கூப்பிட்டது. கார்கள் வரிசைக்குப் போக வேண்டும். கொடிக்காரர் ஓடி வந்தார்.

"டாக்டர், கேட்டை மூடறோம். இப்ப வரலைன்னா எல்லாரும் போனப்புறம்தான் விடுவோம். மூணாவது சுத்து முடிஞ்சுட்டா அதுவும் கெடையாது."

டாக்டர் மெகரைப் பார்த்தார். மெகர் கேட்டைக் கைகாட்டினார்.

"போங்க. நான் தடுக்கலீங்க. கையை மட்டும் வெச்சுப் பாத்துட்டுப் போங்க."

"பாத்தேன். சில்லுன்னு இருக்குது."

"சரிங்க."

"சரின்னா? போகட்டுமா, வேண்டாமா?"

மெகர் மட்கார்டையே பார்த்தார். கேட் மூடிக்கொண்டது. டாக்டருக்கு அழுகையே வந்தது. பதினான்கு மாதம் காத்திருந்த பந்தயம். முள் சரி என்கிறது, குழாய் இல்லை என்கிறது, சொல்ல வேண்டியவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

மூன்றாவது தடவையும் தண்ணீர்த் தொட்டி வரை போய் வந்தார். அவர் திரும்பும்போது பந்தயம் தொடங்கிவிட்டது. பதினோரு கார்கள் ஒரே சத்தமாக முதல் வளைவுக்குள் இறங்கின. டாக்டர் கதவைத் திறந்து வெளியே குதித்தார்.

"நீங்க வெளையாடறீங்களா அம்மணி? எல்லாரும் போயாச்சு!"

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் மெகர். குரல் உயரவே இல்லை. "ஆபரேஷன் முடிஞ்சுருச்சு. சர்ஜன் அடுத்த கேசுக்குக் கத்தறாரு. மானிட்டர்ல எல்லா நம்பரும் சரியா இருக்குது. தொண்டையில இருக்கற குழாயை எடுத்துருவீங்களா?"

"மாட்டேன்."

"ஏனுங்க?"

"தலையத் தூக்குங்கன்னு சொல்லுவேன். தூக்கி அஞ்சு செகண்ட் நிறுத்தோணும். அப்பத்தான் எடுப்பேன்."

"நம்பர் சரியா இருந்தாலுமா?"

"நம்பர் சரியா இருந்தா? அட, நம்பர் என்னங்க நம்பர்! மூச்சு விடப்போறது அந்த ஆளு..."

டாக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முதல் சுற்று முடிந்து கார்கள் எதிரே பறந்து போயின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு மட்கார்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். என்ஜின் பின்னால் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

குளிர்தான். அப்புறமும் குளிர்தான். இரண்டாவது சுற்றும் போய்விட்டது. இந்தப் பந்தயம் இனி நமக்கு இல்லை என்று அவர் மனதுக்குள் விட்டுவிட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை.

அப்போது உள்ளங்கைக்குக் கீழே குழாய் லேசாகச் சூடு கண்டது. முதலில் சந்தேகமாக, பிறகு சந்தேகமே இல்லாமல்.

"அம்மணி, வந்துருச்சு! இங்க வந்துருச்சு!"

"ஆயில் முழுக்கச் சூடானாத்தான் உள்ள ஒரு கதவு தெறந்து, ஆறறதுக்காக இந்த முன்பக்கக் குழாய்க்கு அனுப்புமுங்க" என்றார் மெகர். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவிக் காட்டினார். காலையில் காய்ந்து கிடந்த நுனியில் ஆயில் மேல் கோடு வரை பளபளத்தது. "இப்பப் போங்க."

மூன்றாவது சுற்று முடியும் முன் கொடிக்காரர் அவரை உள்ளே விட்டார். எல்லாருக்கும் பின்னால், இரண்டு சுற்று பின்தங்கி டாக்டர் ஓட்டினார். போன வருடம் என்ஜின் உடைந்த மூன்றாம் வளைவு வந்தது. வண்டி வளைந்து, நிமிர்ந்து, பாடிக்கொண்டே போனது. அதன் பிறகு அவர் எதையும் எண்ணவில்லை. பத்துச் சுற்று முடிந்தபோது அவர்தான் கடைசி. சந்தேகத்துக்கு இடமில்லாத கடைசி.

கொட்டகைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகத்தில் வேர்வையா கண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. அப்படியொரு சந்தோஷம். மெகர் பின்பக்க மூடியைத் திறந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க."

"இன்னைக்கு மணி பாத்தேன் அம்மணி. கிளப்பினதுல இருந்து சரியா நாப்பத்தொரு நிமிஷம். அடுத்த பந்தயம் சித்திரையில. நல்ல வெயில் இருக்கும். அப்ப எத்தனை நிமிஷமுங்க?"

"தெரியாதுங்க."

"சும்மா சொல்லாதீங்க. இத்தனை வருஷமாப் பாக்கறீங்க. உங்களுக்கே தெரியாதுங்களா?"

மெகர் மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க டாக்டர் ஒவ்வொருக்காவும் கை வெக்கறேன்?"